திருப்பிச் சிரித்தவள்

பிப்ரவரி 11

நான்கு சொற்கள் காலையிலேயே முடிந்துவிட்டன. ஐந்தாவதில் மாட்டிக்கொண்டேன். டிஸ்டெய்ன்ஃபுல்.

பொருள் எழுதுவதிலேயே முதல் தகராறு. 'இளக்காரமான' என்று போட்டேன். கமா சார் அதை அடித்துவிட்டு 'ஏளனமான' என்று மாற்றினார். இளக்காரம் பேச்சு வழக்காம். எனக்கென்னவோ இரண்டும் வேறு வேறு என்று படுகிறது. ஏளனம் சத்தம் போடும், இளக்காரம் போடாது. ஆனால் கமாவோடு யார் மல்லுக்கு நிற்பது? வாக்கியத்தில் கமா விட்டுப்போனால் மனிதருக்கு மூச்சு முட்டும், அதனால்தான் அலுவலகத்தில் அவருக்கு இந்தப் பெயர். ஆங்கிலம் சொல்லித்தரும் எங்கள் செயலிக்கு அவர்தான் ஆசிரியர். தினம் ஒரு ஆங்கிலச் சொல், சொல்லுக்கு ஆறு வாக்கியம், ஆறும் வீட்டிலோ தெருவிலோ நடப்பதாக இருக்கவேண்டும் என்பது அவர் சட்டம்.

"அரசன் தூதுவனை ஏளனப் பார்வை பார்த்தான்" என்று எழுதி அனுப்பினேன். நேரே என் மேசைக்கே வந்துவிட்டார்.

"மேடம், நம்மகிட்ட படிக்கிறவங்க பஸ்ஸுக்கு நிக்கறவங்க. அவங்க எங்க போய் அரசனப் பாக்கறது? ஆள், இடம், பொருள். மூணும் கண்ணுக்குத் தெரியணும்."

யோசித்தேன். அதிகம் யோசிக்கத் தேவைப்படவில்லை. கை தானாக எழுதியது: 'அவள் டிஸ்டெய்ன்ஃபுல் சிரிப்போடு அந்தப் பொத்தான் கண்ணாடியை வாங்கி, குளியலறைக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள்.'

கமா துள்ளிக் குதிக்காத குறை. "பொத்தான் கண்ணாடி! எங்கேருந்து புடிக்கிறீங்க இதெல்லாம்?"

"சும்மா தோணுச்சு சார்."

சும்மா தோன்றவில்லை. அந்தக் கண்ணாடி எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது என் ஓரகத்தி கொண்டுவந்து கொடுத்தது. என் கொழுந்தன் மனைவி. ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் பிரிவில் வேலை பார்க்கிறாள். கழித்துப்போட்ட பொத்தான்களைச் சேர்த்து, ஒரு கண்ணாடியைச் சுற்றி நெருக்கமாக ஒட்டியிருந்தாள். சிவப்பு, பச்சை, தங்க நிறம், நடுவே குழந்தைச் சட்டைக்கு வைக்கிற வாத்து வடிவப் பொத்தான்கள். நான் சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவளும் முகமெல்லாம் மலரச் சிரித்தாள்.

பாடம் வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டது. எப்போது வெளியாகும் என்றுகூடக் கேட்கவில்லை.

பிப்ரவரி 12

"சும்மா தோணுச்சு" என்று ஏன் சொன்னேன்? எங்கள் வீட்டில் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே. சொல்ல முடியாததை எழுதலாமா?

சரி, யார் பெயரும் போடவில்லை. விடு.

மார்ச் 3

கொழுந்தன் வீட்டுக்காரி வந்திருந்தாள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்த பேச்சு, நான் தேநீர் வைத்து முடிக்கும்வரை ஓயவில்லை. மேற்பார்வையாளர் எப்படி அழுதார், தையல் இயந்திரங்களை லாரியில் ஏற்றும்போது ஒன்று எப்படிக் கீழே விழுந்தது, வாசல் காவலாளி தன் நாற்காலியை மட்டும் எப்படி வீட்டுக்குத் தூக்கிப்போனார் — எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டாள்.

அவளுக்கு 'ரேடியோ' என்று வீட்டில் பெயர். வைத்தவள் நான்தான். அவள் இந்தக் குடும்பத்துக்கு வந்த புதிதில், அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து என் கணவரிடம் மெதுவாகச் சொன்னேன். அவர் உரக்கச் சிரித்ததில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அவளே இப்போது ஃபோனில் "அக்கா, ரேடியோ பேசுறேன்" என்பாள்.

போகும்போது, "நீங்க படிச்சவங்க. எனக்கு என்ன வேலை கெடைக்கும்னு சொல்லுங்கக்கா" என்றாள். "பாக்கலாம்" என்றேன். பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது, சந்தோஷமாகப் போனாள்.

ஏப்ரல் 9

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் பத்திரிகையைப் படிக்க முடியவில்லை. என் கையில் இருந்தால் நீட்டிப் பிடித்துப் படித்துவிடலாம். கணவர், "இன்னும் கொஞ்ச நாள்ல உனக்குக் கை நீளம் பத்தாது. பேசாம கண்ண டெஸ்ட் பண்ணு" என்கிறார்.

ரேடியோ நம் செயலியில் சேர்ந்திருக்கிறாள்! கண் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசைக்கு ஆள் எடுக்கப்போகிறார்களாம். ஜூலையில் நேர்முகம். ஆங்கிலம் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஊர்ல ஆயிரம் ஆப் இருக்கு. எங்கக்கா எழுதுறதுதான் படிப்பேன்னு சொல்லிட்டேன்" என்றாள். காலையில் காய் நறுக்கும்போது காதில் மாட்டிக்கொள்கிறாளாம். தினமும் விடாமல் படித்தால் திரையில் ஒரு விளக்கு எரியும். அதை எடுத்து எடுத்துக் காட்டினாள். அணையவிடவே மாட்டாளாம்.

"அக்கா, முந்தாநாள் பாடத்துல 'அவளுடைய பை கிளி மாதிரி பச்சையாக இருந்தது'ன்னு வந்துச்சே — அது என் பைதானே?"

ஆமாம் என்றேன். அவள் கை தட்டினாள். "பாத்தீங்களா! நான் பாடத்துல வந்துட்டேன்!" என்று என் கணவரிடம், என் மகளிடம், மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அம்மாவிடம் — எல்லோரிடமும் சொன்னாள்.

அது 'கண்ணைப் பறிக்கிற' என்ற சொல்லுக்கான பாடம் இல்லை. 'கண்ணை உறுத்துகிற' என்பதற்கானது. அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஏப்ரல் 10

இல்லை, கவனித்திருப்பாளோ?

மே 4

ஞாயிற்றுக்கிழமைதோறும் அவளுக்கு நேர்முகப் பயிற்சி கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். இன்று முதல் நாள். என் மேசைதான் வரவேற்பு மேசை. நான் நோயாளி.

"குட் மார்னிங் மேடம், வாட் இஸ் யுவர் ப்ராப்ளம்?" என்று கேட்டாள்.

"அப்படிக் கேட்டா சண்டைக்குக் கூப்பிடற மாதிரி இருக்கும். 'எப்படி உதவலாம்'னு கேளு."

"உதவலாமான்னு கேட்டா, அப்போ உதவ மாட்டேனான்னு சந்தேகம் வராதா அக்கா? கண்ணு தெரியாம வந்து நிக்கிறாங்க. என்ன கஷ்டம்னு கேக்கறதுதானே மொறை?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு. அப்போது என் மகள் அறையைக் கடந்து போனாள். பதினாறு வயது. சித்தி ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்ததைக் கேட்டாள். உதட்டின் இடது ஓரம் மட்டும் லேசாக மேலே போயிற்று. கண் வேறு பக்கம் பார்த்தது. ஒரு நொடிதான். சித்தி நிமிர்ந்து அவளைப் பார்த்து, "என்னடி தங்கம், சித்தி நல்லா பேசுறேனா?" என்று சிரித்தாள்.

அந்த உதட்டை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று குழம்பிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தியபோது பொத்தான்களுக்கு நடுவில் தெரிந்தது.

மே 18

முன்னேறிவிட்டாள். பயமில்லாமல் பேசுகிறாள், அதுதான் பெரிய விஷயம். எம்.ஏ. முடித்தபிறகும் எனக்கு வராத தைரியம். தப்பு வந்தால், "அழிச்சிட்டு மறுபடி சொல்றேன்" என்று காற்றில் கையால் அழிக்கிறாள்.

"பாடத்தோட கடைசியில ஒரு வாக்கியம் எழுதச் சொல்றாங்களே, அத மெஷினா திருத்துது?" என்று கேட்டாள்.

"எழுத்துப் பிழைய மெஷின் பாக்கும். சொல்ல சரியா உபயோகிச்சிருக்காங்களான்னு பாக்கறது நாங்க. நான் எழுதின பாடத்துக்கு வர்றத நானே பாப்பேன்."

"அப்போ நான் எழுதுறத நீங்க படிப்பீங்க!"

"பேரு வராது. நம்பர்தான் வரும்."

"நீங்க கண்டுபுடிச்சிருவீங்க" என்றாள்.

ஜூன் 1

அவள் குழம்பு கொண்டுவந்தாள். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சொல்ல வேண்டும் என்று யோசித்துச் சொன்னேன் — அதுதான் உறுத்துகிறது.

ஜூன் 17

அலுவலகத்தில் இன்றைய பட்டியலைத் திறந்தேன். இன்றைய சொல்: டிஸ்டெய்ன்ஃபுல்.

மறந்தே போய்விட்டேனே. எப்படி மறந்தேன்? ஞாயிறுதோறும் அவள் என் எதிரில் உட்கார்ந்திருந்தாளே, ஒரு தடவையாவது ஞாபகம் வந்திருக்க வேண்டாமா?

கமாவிடம் ஓடினேன். பாடத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

"ஏன்? தப்பு இருக்கா?"

"தப்பு இல்ல. அந்தக் கண்ணாடி வாக்கியம் வேண்டாம்னு தோணுது."

"அதானே பாடத்துலயே நல்லா இருக்கறது? காலையில அஞ்சு மணிக்கே போயாச்சு மேடம். பாதிப் பேர் கேட்டு முடிச்சிருப்பாங்க."

என் மேசைக்கு வந்து காதில் மாட்டிக் கேட்டேன். வாசிக்கிற பெண்ணுக்கு எப்போதும் உற்சாகமான குரல். 'பொத்தான் கண்ணாடியை' என்னும் இடத்தில் குரலிலேயே ஒரு சிரிப்பு. பிறகு தமிழ்ப் பொருளையும் படிக்கிறாள்: ஏளனமான, பிறரைத் தனக்குக் கீழானவராக எண்ணுகிற.

ரேடியோ இதைக் கேட்டபடி காய் நறுக்கிக்கொண்டிருந்திருப்பாள்.

ஜூன் 17, மாலை

மூன்று மணிவாக்கில் வாக்கியங்கள் திருத்த வந்தன. எல்லாம் வழக்கம் போல. 'கடைக்காரர் என் கிழிந்த குடையை ஏளனமாகப் பார்த்தார்.' சரி. 'பூனை புது உணவை ஏளனமாகப் பார்த்தது.' சரி. இதற்கு நானே சிரித்தேன்.

அதற்கு அடுத்தது வந்தது. எளிய ஆங்கிலம், நேராக எழுதியது. தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'என் அக்கா எனக்குத் தந்தது டிஸ்டெய்ன்ஃபுல் சிரிப்பு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக நான் அதற்குத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.'

பெயர் இல்லை. எண் மட்டும்.

சொல்லைச் சரியாக உபயோகித்திருக்கிறாள். சொல் எங்கே உட்கார வேண்டுமோ அங்கே உட்கார்ந்திருக்கிறது. நான் எழுதிய ஆறில் ஒன்றுகூட இவ்வளவு சரியில்லை. என்ன செய்வது? தவறு என்று போட முடியுமா? திருத்தாமல் விட்டால் இன்னொருவர் மேசைக்குப் போகும், அவர் படிப்பார். எனக்கு வந்ததை நான்தான் முடிக்க வேண்டும் என்று — இல்லை, அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு 'சரி'யை அழுத்தினேன். அவ்வளவுதான்.

'சரி'யை அழுத்தினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு 'சரி'யோடும் ஒரு பாராட்டு தானாகப் போகும். அதை எழுதியவளும் நான்தான். பொன்னிற நட்சத்திரம் சுற்றிக்கொண்டே வரும்.

'அருமை! இந்தச் சொல் இனி உங்களுடையது!'

அவளுக்குத் தெரியும், யார் திருத்துகிறார்கள் என்று. நானே சொன்னேனே.

ஜூன் 18

ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை.

ஜூன் 19

எடுத்தாள். "கொஞ்சம் வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்." கூப்பிடவில்லை. 'அக்கா' என்ற வார்த்தை அந்தப் பேச்சில் இல்லை. திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன், இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

வரவில்லை. நான் மேசையைத் துடைத்து, இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். மகள் எட்டிப்பார்த்து, "சித்தி இன்னிக்கு லீவா?" என்றாள்.

கணவர் தம்பியிடம் பேசினார். நேர்முகத்துக்கே போகப்போவதில்லையாம். "நமக்கெதுக்கு அந்த எடமெல்லாம், படிச்சவங்க வர்ற எடம்" என்று சொன்னாளாம். அவளா? காற்றில் கையால் அழித்துவிட்டு மறுபடி பேசுகிறவளா?

"ரேடியோவ யாரு அணைச்சது?" என்று இவர் சிரிக்கிறார்.

எரிந்து விழுந்தேன். "அந்தப் பேரச் சொல்லாதீங்க."

"நீ வெச்ச பேருதானே!"

ஜூன் 23

மதிய இடைவேளையில் என் பழைய பாடங்களைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டு வந்தேன். கைகழுவப் போனவர்கள் திரும்பி வந்ததுகூடத் தெரியவில்லை.

ஓயாமல் பேசுகிற — அவள். பொருத்தமில்லாத நிறம் உடுத்துகிற — அவள். அழைக்காமலே வந்துவிடுகிற — அவள். எளிதில் நம்பிவிடுகிற, அளவுக்கு மீறி உப்புப் போடுகிற, கதவைத் தட்டாமல் நுழைகிற, எல்லாம் அவளே. எங்கும் பெயர் இல்லை. ஒரு இடத்தில் 'பக்கத்து வீட்டுப் பெண்', ஒரு இடத்தில் 'உறவுக்காரி', ஒரு இடத்தில் 'தோழி'. முகமூடி மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறேன், உள்ளே ஒரே ஆள்.

சரி, நல்ல சொற்களுக்கு? தாராளமான. உண்மையான. துணிச்சலான. அவற்றுக்கு ஒரு ஆசிரியை, ஒரு தீயணைப்பு வீரர், ஒரு மருத்துவர். அவள் எங்கும் இல்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்தபோது பத்து நாளும் இங்கேயே படுத்திருந்து பார்த்துக்கொண்டது யார்? மருத்துவரா?

நான் அவளிடம் ஒரு நாளும் கடுமையாகப் பேசியதில்லை என்று எனக்குப் பெருமை உண்டு. கடுமையாகப் பேசியிருந்தால் அவளும் பதிலுக்குப் பேசியிருப்பாள், சண்டை போட்டிருப்போம், முடிந்திருக்கும். சிரித்தால் என்ன செய்வாள், பாவம்?

பாவம். இதோ, மறுபடியும்.

ஜூன் 25

கமா கூப்பிட்டார். ஏதோ திட்டப்போகிறார் என்று போனேன். இந்த மாதத்திலேயே அதிகம் பேர் வாக்கியம் எழுதி அனுப்பியது அந்தப் பாடத்துக்குத்தானாம். "எல்லாருக்கும் ஒரு பொத்தான் கண்ணாடி இருக்கு மேடம்!" என்றார்.

அந்த வாக்கியத்தை மாற்றித் தருகிறேன், அடுத்த சுற்றில் அதைப் போடுங்கள் என்று கேட்டு, எழுதிக்கொண்டுபோனதை நீட்டினேன். 'எனக்கு அன்போடு கொடுத்ததை நான் டிஸ்டெய்ன்ஃபுல்லாக வாங்கினேன்.' படித்துவிட்டுத் தலையாட்டினார்.

"'நான்'னு ஆரம்பிக்காதீங்க. படிக்கிறவங்க தன்னச் சொல்றதா எடுத்துப்பாங்க. யாருக்குமே தான் அந்த மாதிரி ஆளுன்னு நெனச்சுக்கப் புடிக்காது. 'அவள்'னு போட்டாத்தான் ஓடும்."

அவர் சொன்னது சரிதான். அப்படித்தான் இத்தனை நாள் எனக்கு ஓடிற்று.

ஜூன் 28

கண்ணாடியைக் குளியலறையிலிருந்து எடுத்தேன். ஈரத்தில் இரண்டு வாத்துகளின் பசை விட்டிருந்தது. ஒட்டினேன். துடைத்துக் கூடத்தில், வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் மாட்டினேன்.

மகள், "இது எதுக்கும்மா இப்போ இங்க?" என்றாள்.

"நல்லா இருக்குல்ல?"

"நல்லா இருக்குன்னா இவ்ளோ நாள் அங்க ஏன் இருந்துச்சு?"

நாளை ஓரகத்தியை எப்படியாவது வரவழைக்கச் சொல்லிக் கணவரிடம் கெஞ்சியிருக்கிறேன். ஏதாவது சாக்குச் சொல்லட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

வந்தாள். கொழுந்தனோடு வந்தாள், தங்கள் பையன்களை வீட்டில் விட்டுவிட்டு. உள்ளே நுழைந்தவுடன் கண்ணாடியைப் பார்த்தாள். அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தாளா, பொத்தான்களைப் பார்த்தாளா தெரியவில்லை. ஆண்கள் இருவரும் பால்கனிக்குப் போகும்வரை காத்திருந்தாள்.

அப்புறம் அமைதியாகச் சொன்னாள். "அத எடுத்துடுங்க. பழைய எடத்துலயே மாட்டுங்க. அங்கதானே நீங்க மனசாரி மாட்டினீங்க."

மனசாரி. மனசார என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். எத்தனையோ முறை நான் உள்ளுக்குள் சிரித்த சொல்.

"என்ன மன்னிச்சிடு" என்றேன். நான் தயார் செய்து வைத்திருந்தது ஒரு முழுப் பக்கம். வாயில் வந்தது இவ்வளவுதான்.

"எதுக்கு? கண்ணாடிய அங்க மாட்டினதுக்கா? அது உங்க வீடு, உங்க செவுரு. எனக்கு அதுல வருத்தமில்ல. நீங்க புடிக்கலன்னு சொல்லியிருந்தா, வேற வாங்கித் தந்திருப்பேன். வாங்கும்போது சிரிச்சீங்களே, அதுதான். நான் அந்தச் சிரிப்ப வீட்டுக்குப் போயி எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி — அக்காவுக்கு எவ்ளோ புடிச்சிருந்துச்சு தெரியுமான்னு —"

நிறுத்தினாள். குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்புறம் நட்சத்திரம் அனுப்பினீங்க."

"அது தானா போறது. நான் அனுப்பல."

"நீங்கதானே எழுதினது?"

"ஆமா."

"நல்லா எழுதுறீங்க" என்றாள்.

நேர்முகத்துக்குப் போ என்றேன். என்மேல் இருக்கிற கோபத்தில் உன்னை நீ கெடுத்துக்கொள்ளாதே என்றேன். பயிற்சி வேண்டுமானால் வேறு யாரையாவது ஏற்பாடு செய்கிறேன் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"நான் அங்க போயி நிப்பேன். பேசுவேன். அவங்களும் சிரிப்பாங்க. எந்தச் சிரிப்புன்னு இப்போ எனக்கு எப்படித் தெரியும்? முன்னாடி எல்லாம் ஒரே சிரிப்புதான் எனக்கு. இப்போ எதப் பாத்தாலும் சந்தேகமா இருக்கு."

அந்தச் சந்தேகத்தைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தானே.

புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். "இதையும் வாக்கியமா ஆக்கிடாதீங்க" என்றாள்.

ஜூன் 30

கண்ணாடி எங்கே இருக்க வேண்டும் என்று தெரியவில்லை. கூடத்தில் இருந்தால் நடிப்பு. குளியலறையில் இருந்தால் உண்மை, ஆனால் எப்படிப்பட்ட உண்மை! இப்போதைக்கு என் மேசையில், சுவரில் சாய்த்து வைத்திருக்கிறேன். எழுதும்போது நிமிர்ந்தால் என் வாய் தெரிகிறது.

ஜூலை 5

வேலையில் ஒன்றும் ஓடவில்லை. 'இனிமையான' என்ற சொல்லுக்கு ஒரு வாக்கியம் எழுத ஒரு காலைப்பொழுது ஆயிற்று. ஆள், இடம், பொருள். ஆள் எல்லாம் அவளாகவே வருகிறாள். எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டாள். நல்லதைக்கூட எழுத உரிமை இல்லை. சரியான தண்டனை.

ஜூலை 9

மகள் ஃபோனில் தோழியிடம் யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தாள். "அந்த மாதிரி சிரிக்காதே" என்றேன்.

"எந்த மாதிரி?"

செய்து காட்டினேன். உதட்டின் இடது ஓரம். மிக நன்றாக வந்தது.

"அம்மா, அது உன் சிரிப்பு" என்றாள்.

"தெரியும். அதனாலதான் சொல்றேன். எங்கிட்டேருந்து வேற எது வேணும்னாலும் எடுத்துக்கோ."

கிண்டல் செய்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வந்து, "சித்திகிட்ட நான் பேசவா?" என்றாள். வேண்டாம் என்றேன். இது என் அழுக்குத் துணி, நான்தான் துவைக்க வேண்டும்.

ஜூலை 14

இன்று நேர்முகம். போனாளா என்று கேட்கக்கூடத் தைரியம் இல்லை.

ஜூலை 15

போயிருக்கிறாள்! கணவருக்குத் தம்பி ஃபோன் செய்தான். இவர் கூடத்தில் நின்றபடி அதை அப்படியே ஒப்பித்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மூன்று பேர் உட்கார்ந்து கேட்டார்களாம். நோயாளி யாராவது மரியாதையில்லாமல் நடந்துகொண்டால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் கேட்க, இவள் ஆங்கிலத்திலேயே, "சில பேர் டிஸ்டெய்ன்ஃபுல்லாகச் சிரிப்பார்கள் சார். எனக்கு அந்தச் சிரிப்பு பழக்கம். நான் திருப்பி நல்ல சிரிப்பாகவே சிரிப்பேன், முன்னாலும் அப்படித்தான் செய்தேன்" என்றாளாம். மூன்று பேரும் சிரித்துவிட்டார்களாம். எந்தச் சிரிப்பு என்று அவளுக்குச் சந்தேகம் வந்து, "இது எந்தச் சிரிப்பு சார்?" என்று அங்கேயே கேட்டுவிட்டாளாம். அதற்கு இன்னும் சிரித்தார்களாம்.

"எங்கேருந்துடி இந்த மாதிரி வார்த்தையெல்லாம் புடிக்கிறா? உன் ஆப்புதான்! உனக்குப் பெரும தான்!" என்கிறார். இவருக்கு ஒன்றும் தெரியாது. நடந்ததை அவள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் கணவனிடம்கூட. மற்றவர்கள் முன்னால் அக்காவை விட்டுக்கொடுக்காமல் வைத்திருக்கிறாள் — அந்த 'அக்கா'வை என்னிடமிருந்து மட்டும் எடுத்துக்கொண்டாள்.

குளியலறைக்குப் போய் அழுதேன். கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது.

ஜூலை 21

வேலை கிடைத்துவிட்டதாம். தகவல் கணவர் வழியாக.

வாழ்த்து அனுப்பலாமா என்று எழுதி எழுதி அழித்தேன். எல்லாமே நட்சத்திரம் மாதிரி இருந்தன. கடைசியில், 'கேள்விப்பட்டேன். சந்தோஷம்' என்று மட்டும் அனுப்பினேன். படித்ததற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

ஆகஸ்ட் 12

'துணிச்சலான' என்ற சொல் மீண்டும் வந்தது. தீயணைப்பு வீரரைப் போட மனம் வரவில்லை. அவளையும் போடவில்லை. ஆளே இல்லாமல் எழுதினேன். கமா திருப்பி அனுப்பிவிட்டார்.

செப்டம்பர் 16

எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன. கமா வைக்க வேண்டிய இடத்தில் புள்ளி வைத்ததில், கமாவுக்கே நெஞ்சுவலி வரப் பார்த்தது. "போயி கண்ணக் காட்டுங்க மேடம்" என்று அரை நாள் விடுப்பும் கொடுத்துவிட்டார்.

ஊரில் கண் மருத்துவமனைக்கா பஞ்சம்? கணவர் அவள் வேலை பார்க்கிற இடத்தில்தான் நேரம் வாங்கியிருக்கிறார். "நம்ம ஆளு இருக்கும்போது வேற எங்க போறது?" மாற்றச் சொல்லலாம். சொல்லவில்லை.

செப்டம்பர் 18

எழுத்து கோணலாகப் போகிறது, கண் இன்னும் சரியாகவில்லை. ஆனாலும் இன்றே எழுதிவிட வேண்டும்.

தனியாகப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அவள் குரல்தான் முதலில் கேட்டது. யாரோ ஒரு பெரியவரிடம் கொஞ்சம் ஆங்கிலம், கொஞ்சம் சைகை. "வாட் இஸ் யுவர் ப்ராப்ளம், சார்?" நான் வேண்டாம் என்று சொன்ன அதே கேள்வி. பெரியவர் மகிழ்ச்சியாகத் தன் பிரச்சினை எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணில் ஆரம்பித்து மருமகன் வரை.

என் முறை வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அரை நொடி. "உக்காருங்க மேடம், கூப்பிடுவாங்க."

மேடம். மேசைக்கு வருகிற எல்லோரையும் அப்படித்தானே கூப்பிட வேண்டும், வேறெப்படிக் கூப்பிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

உள்ளே கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். கண்மணிகள் பெரிதாகிவிடுமாம், சில மணி நேரம் எதுவும் தெளிவாகத் தெரியாதாம். பரிசோதனை முடிந்து வெளியே வந்தபோது விளக்குகளெல்லாம் பஞ்சு பஞ்சாக இருந்தன. வாசலுக்கு நடந்தேன். செவிலி ஒருத்தி மறித்தாள்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரல."

"சொட்டு போட்டவங்களத் தனியா அனுப்பக் கூடாதும்மா. துணைக்கு ஆள் இல்லாம எப்படி வந்தீங்க? ஃபோன் பண்ணி வரச் சொல்லுங்க."

ஃபோனை எடுத்தேன். திரையில் ஒன்றும் தெரியவில்லை. கை நீட்டியும் பார்த்தேன், கிட்டே வைத்தும் பார்த்தேன். அந்த நடுக்கூடத்தில், அத்தனை பேர் முன்னால், ஒரு எண்ணைக்கூடக் கண்டுபிடிக்க முடியாமல் நின்றேன். யாராவது சிரிக்கிறார்களா என்று பார்த்தேன். முகங்களே தெரியவில்லை.

அப்போது பின்னாலிருந்து அந்தக் குரல், செவிலியிடம்: "எங்க வீட்டு ஆளுதான். துணைக்கு என் பேரப் போட்டுக்கோ. எனக்கு அரை மணில ஷிஃப்ட் முடியுது."

முழங்கைக்குக் கீழே ஒரு கை வந்து பிடித்தது. "இங்க ஒரு படி இருக்கு. பாத்து" என்று நாற்காலிவரை கூட்டிப்போனாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாம கண்ண மூடிட்டு உக்காருங்க. வெளிச்சம் பட்டா வலிக்கும்."

உட்கார்ந்தேன். அரை மணி நேரமும் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓயவே இல்லை. ஒரு தடவை கண்ணைத் திறந்து மேசைப் பக்கம் பார்த்தேன். அவள் இருக்கிற இடத்தில் ஒரு பச்சை நிறம் அசைந்தது. பையாக இருக்கும். அதற்கு மேலே அவள் முகம், வெறும் வெளிச்சமாக. என் பக்கம் திரும்பி அவள் சிரித்த மாதிரி இருந்தது.

எந்தச் சிரிப்பு என்று தெரியவில்லை.

திருப்பிச் சிரித்தேன்.